பதினான்கு கேள்விக்குறிகள்

நாகர்கோவில் வடசேரியில் ஒரு துணிக்கடைக்கு மேலே, ஏறி முடிப்பதற்குள் மூச்சு வாங்கும் மூன்றாவது மாடியில் எபிசனுக்கு வேலை. ஆறு பேர் உட்கார்ந்து கம்ப்யூட்டரைத் தட்டும் சின்னக் கம்பெனி. முப்பது வயதில் அவன்தான் அங்கே மூத்தவன். “எபிசன் ஒரு தடவை எழுதிட்டா அதத் திரும்பிப் பாக்க வேண்டாம்” என்று முதலாளி சத்தியராஜ் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமை அடிப்பார். அந்தப் பெருமையை நம்பித்தானோ என்னவோ, எபிசனும் திரும்பிப் பார்க்கவில்லை.

அவன் எழுதியதில் ஒன்றின் பெயர் ‘மடல்’. நாள்கணக்கில் தங்கி மீன்பிடிக்கத் தங்குகடலுக்குப் போகிற விசைப்படகுகளில் ஒரு பெட்டியை வைத்திருந்தார்கள். கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனால் செல்போன் செத்துவிடும் அல்லவா? அப்போது படகில் இருக்கிறவர்கள் தங்கள் போனை அந்தப் பெட்டியோடு இணைத்து இரண்டு வரி அடித்தால், அது செயற்கைக்கோள் வழியாகக் கரைக்கு வரும். எபிசன் எழுதிய நிரல் அதை வாங்கி டேட்டாபேசில் வைக்கும். அங்கிருந்து வீட்டுக்காரியின் போனுக்குப் போகும். அவள் போடுகிற மடலும் அதே வழியில் படகுக்குப் போகும். இருபது நாள், இருபத்தைந்து நாள் கடலிலேயே கிடக்கிற ஆட்களுக்கு அது சாதாரண விஷயமில்லை. கல்யாணமான புதிதில் கடலுக்குப் போனவர்கள் அந்தப் பெட்டியைக் கும்பிடாத குறைதான்.

ஒரு புதன்கிழமை காலை, ஐம்பதை நெருங்கும் ஒரு பெண் மாடியேறி வந்து வாசலில் நின்றாள். கறுப்புச் சேலை. முந்தானை முடிச்சுக்குள் போனைப் பொதிந்து வைத்திருந்தாள்.

“தம்பி, மடல் ஆபீஸு இதுதானா?”

“ஆமா அக்கா. உள்ள வந்து இரிங்க.”

“நான் ரீத்தா. ராஜாக்கமங்கலத்துக்குத் தெக்க கடக்கர. சகாயமாதா படகுல போன ஏசுஅடிமைக்க பெஞ்சாதி.”

ஆறு பேரின் கையும் அப்படியே நின்றுவிட்டது. சகாயமாதா படகை ஒரு பெரிய கப்பல் இடித்துவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய், அன்றைக்கு முப்பத்துமூன்று நாள். அதில் ஆறு பேர் இருந்தார்கள். இரண்டு பேரின் உடல் கிடைத்தது. ஏசுஅடிமையின் உடல் கிடைக்கவில்லை.

ரீத்தா முடிச்சை அவிழ்த்துப் போனை எடுத்து நீட்டினாள். “படகு முங்குறதுக்கு ரெண்டு நாளு முந்தி அவரு அனுப்பினது. கடைசியா வந்தது இதுதான். இத எனக்கு வாசிச்சுச் சொல்லணும்.”

எபிசன் பார்த்தான். திரையில் இருந்தது இவ்வளவுதான்:

?????? ????????

இந்த வேலையில் இருக்கிற எவனுக்கும் பார்த்த மாத்திரத்தில் தெரியும். போனில் கோளாறு இல்லை, பெட்டியிலும் இல்லை. நடுவில் நின்று வாங்கிக் கொடுத்தவன் செய்த கோளாறு.

“அக்கா, இவரு தமிழ்லயா அடிப்பாரு?”

“ஒருநாளும் இல்ல தம்பி. படகுல எல்லாரும் போடுத மாதிரி இங்கிலீஷ் எழுத்துலதான் தமிழ அடிப்பாரு. எனக்கு அது வாசிக்க வராது. செபப்புத்தகம் வாசிப்பேன், அந்த எழுத்துதான் எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டு ஜாஸ்மிதான் வாசிச்சுச் சொல்லுவா. அவ வாசிச்சான்னா தெருமுக்கு வரைக்கும் கேக்கும். ‘நெய்மீன் கிடைச்சு, சொகமா இருக்கேன்’ங்கிறதுக்கு அது போதும். இது அப்படி இல்ல பாத்துக்கிடுங்க. இது எனக்கு மட்டும் உள்ளது. அதுக்குத்தான் தமிழ்ல போட்டிருக்காரு.”

அப்புறம் அவள் குரலைத் தாழ்த்தி விஷயத்தைச் சொன்னாள். அவர்களுக்கு ஒரே மகள், பெபிஷா. படித்து முடித்த கையோடு மயிலாடியில் எலெக்ட்ரிக் கடை வைத்திருக்கும் வினோஜ் என்ற பையனைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். இவர்கள் கத்தோலிக்கர்கள், அவன் சி.எஸ்.ஐ. சபைக்காரன். ஏசுஅடிமைக்குச் சபை கூடப் பெரிதாகப் படவில்லை. தன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்பதுதான் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. ரீத்தாவை மாதா படத்துக்கு முன்னால் நிறுத்திக் கையை வைக்கச் சொன்னார். ‘நான் வாயத் தொறந்து வரச் சொல்லாம அவ இந்த வாசப்படி ஏறக்கூடாது.’ ரீத்தா அழுதுகொண்டே சத்தியம் பண்ணினாள். இரண்டு வருடம் ஆயிற்று. பெபிஷாவுக்கு ஆண்குழந்தை பிறந்தது. கடைசியாக அவர் கடலுக்குப் போகிற அன்றைக்கு, சோற்றுப் பொதியைக் கையில் கொடுக்கும்போது ரீத்தா கேட்டேவிட்டாள்: அவளை வரச் சொல்லட்டுமா? அவர் பதில் சொல்லாமல் போய்விட்டார்.

“பத்து நாளு கழிச்சு ஜாஸ்மிட்ட சொல்லி ஒரு மடல் போட்டேன். ‘நான் கேட்டதுக்குப் பதிலு சொல்லும்’னு மட்டும். என்ன கேட்டேன்னு ஜாஸ்மிக்குத் தெரியாது. மறுநாளு இது வந்தது.”

அடுத்த வியாழக்கிழமை நாற்பத்தொன்றாம் நாள். கோவிலில் பூசை வைத்து, வீட்டில் செபம் சொல்லி, சொந்தக்காரர்களுக்குச் சாப்பாடு போட வேண்டும். மகள் போனில் கேட்கிறாள்: அம்மா, அன்னைக்காவது வரட்டா?

“ஆளே போன பிறகு சத்தியம் என்னத்துக்குன்னு எல்லாரும் சொல்லுகினும். சாமியாரும் சொல்லிப் பாத்தாரு. உயிரோட இருந்தா நான் சண்ட போட்டாவது அவரு வாயால மாத்திச் சொல்ல வச்சிருப்பேன். செத்தவருட்ட எப்படிச் சண்ட போட?” அவள் போனைத் தடவினாள். “அவரு பதிலு சொல்லிட்டுத்தான் போயிருக்காரு மக்கா. அது இதுக்குள்ள இருக்கு. நீ எடுத்துத் தா. என்ன சொல்லியிருக்காரோ அப்படியே செய்யுதேன்.”

“பாக்கேன் அக்கா” என்றான் எபிசன்.

அவள் படியிறங்கியதும் டேட்டாபேசைத் திறந்து அந்த வரியைத் தேடி எடுத்தான். அங்கேயும் அதே கேள்விக்குறிதான். கேள்விக்குறியாகத் தெரிகிறதே தவிர அடியில் எழுத்து பத்திரமாக இருக்கும் என்று ஒரு நப்பாசை இருந்தது. சில சமயம் அப்படி இருக்கும், தோண்டி எடுத்துவிடலாம். தோண்டிப் பார்த்தான். அடியில் இருந்ததும் கேள்விக்குறியேதான்.

என்ன நடந்தது என்று சொல்கிறேன், பெரிய சூத்திரம் ஒன்றுமில்லை. இங்கிலீஷ் எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் இடம் போதும். தமிழுக்கு ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட் வேண்டும். டேட்டாபேசில் அந்த இடத்தை எபிசன் ஒழுங்காகத்தான் ஒதுக்கி வைத்திருந்தான். ஆனால் நிரல் போய் டேட்டாபேசின் கதவைத் தட்டும்போது, ‘நான் எல்லா மொழி எழுத்தும் அடங்கிய யு.டி.எஃப்-8 முறையில் பேசுவேன்’ என்று ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். அதை அவன் எழுதவில்லை. எழுதாவிட்டால் அது என்றைக்கோ வெள்ளைக்காரன் தன் எழுத்துக்கு மட்டும் வைத்த பழைய முறையை எடுத்துக்கொள்ளும். அந்த முறையில் இல்லாத எழுத்து வந்தால், தெரியாது என்றுகூடச் சொல்லாது. தூக்கி எறிந்துவிட்டு அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறியைப் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். எறிந்தது எறிந்ததுதான்.

எழுதாமல் விட்ட வரியை அன்றைக்கே எழுதினான். அரை நிமிடம்கூட ஆகவில்லை. அந்த அரை நிமிடத்தை ஒன்றரை வருடத்துக்கு முன்னால் செலவழித்திருக்கக் கூடாதா, பாவி? சோதனை நடந்தபோது துறைமுகத்தில் நின்று நூறு மடல் அனுப்பிப் பார்த்தவன்தானே அவன்! ‘சாப்டாச்சா’, ‘மீன் எப்படி’, ‘எப்ப வாறீங்க’. அத்தனையும் இங்கிலீஷ் எழுத்தில். தன் அம்மா சத்தியபாய்க்கே அப்படித்தான் அனுப்புவான். தமிழில் ஒரு மடல், ஒரே ஒரு மடல் அனுப்பிப் பார்க்க வேண்டும் என்று அவனுக்கும் தோன்றவில்லை, கூட நின்ற பத்துப் பேருக்கும் தோன்றவில்லை.

செயற்கைக்கோள் கம்பெனிக்கு எழுதிக் கேட்டான். ஏழு நாளுக்கு மேல் எதையும் வைத்திருப்பதில்லை என்று மூன்று நாள் கழித்துப் பதில் வந்தது. அடித்த போனும் அனுப்பிய பெட்டியும் படகோடு கடலடியில். பழைய காப்புப் பிரதிகளைக் குடைந்தான். எல்லாவற்றிலும் பதினான்கு கேள்விக்குறி.

அப்படிக் குடையும்போது இன்னொன்று தெரிந்தது. நாற்பதாயிரம் மடலில் இதுபோலக் கேள்விக்குறியாகிப் போனவை இன்னும் பத்து இருந்தன. அனுப்பியவர்களின் நம்பரைத் தேடிக் கூப்பிட்டான்.

“ஓ, அதா!” என்று சிரித்தார் ஒருவர். “பெட்டிக்குத் தமிழு தெரியாதுன்னு நெனச்சோம். பொறவு இங்கிலீஷ் எழுத்துல மாத்தி அடிச்சாச்சு.”

“எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே அண்ணே?”

“இதப் போயி என்னத்தச் சொல்ல?”

பத்துப் பேரும் ஏறக்குறைய இதையேதான் சொன்னார்கள். எபிசனுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. மெஷின் என்றால் தமிழ் தெரியாமல்தான் இருக்கும், நாம்தான் அதற்கு ஏற்றபடி வளைந்து கொடுக்க வேண்டும் என்று ஒரு ஊரே பழகிப்போயிருக்கிறது. ஒருத்தர், ஒரே ஒருத்தர் படியேறி வந்து சண்டை போட்டிருந்தால், ஏசுஅடிமையின் பதில் வந்து சேர்ந்திருக்கும். ஆனால் அவர்களைக் குற்றம் சொல்ல அவன் யார்? அவனும் அந்த ஊர்தானே!

சத்தியராஜிடம் சொன்னான். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“ஏலே, போன்ல கோளாறு, எடுக்க முடியலன்னு சொல்லி முடிச்சிரு. வெளிய தெரிஞ்சா ஒரு கரைக்காரனும் நம்ம பெட்டியத் தொடமாட்டான்.”

“தமிழ் ஆளுவளுக்குத் தமிழன் எழுதிக் கொடுத்த சாமானம் அண்ணே. அதுல தமிழு போவாது. இத எப்படி அண்ணே வெளிய சொல்லுவேன்?”

“அதத்தானே நானும் சொல்லுதேன், சொல்லாதன்னு!”

எபிசன் எழுந்து தன் இடத்துக்குப் போனான். ஒரு தாளை எடுத்துப் பதினான்கு கோடு போட்டான். ஆறு, ஒரு இடைவெளி, எட்டு. இடைவெளி மட்டும் தப்பித்திருந்தது. எழுத்து, கொம்பு, கால், புள்ளி ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே ஒரு கேள்விக்குறி விழுந்திருக்கும். அப்படியானால் எண்ணிப் பார்க்கலாமே? ‘பெபிஷா’ என்று எழுதி எண்ணினான். ஆறு. ‘வரட்டும்’ என்று எழுதி எண்ணினான். எட்டு! ‘பெபிஷா வரட்டும்.’ எழுந்து நின்றுவிட்டான்.

பிறகுதான் மனசுக்குள் எதுவோ உறுத்த, மறுபடி உட்கார்ந்து ‘வேண்டாம்’ என்று எழுதினான். அதுவும் எட்டு. ‘ரீத்தா’ என்று எழுதினான். ஆறு. ‘ரீத்தா வேண்டாம்.’ மூன்று தடவை எண்ணினான். இரண்டும் அச்சாகப் பொருந்தின. இன்னும் நூறு சொற்கள் பொருந்தும். மகளைப் பற்றியே இல்லாமல் மீனைப் பற்றியோ காற்றைப் பற்றியோகூட எழுதியிருக்கலாம். தாளைக் கசக்கிப் போட்டான்.

நாற்பதாம் நாள், புதன்கிழமை மதியம், பஸ் ஏறினான். உள்ளதை உள்ளபடி சொல்லிவிட வேண்டும், ரீத்தா செருப்பைக் கழற்றி அடித்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதுதான் முடிவு. எழுத்து போய்விட்டது, அது என் தப்பு. இந்த இரண்டு வாக்கியத்தையும் ராஜாக்கமங்கலம் வருகிற வரைக்கும் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தான்.

ரீத்தாவின் வீட்டு முற்றத்தில் மறுநாளைக்காகத் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தார்கள். ரீத்தா வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். பத்தடி தள்ளி, காம்பவுண்டுக்கு வெளியே, பூவரசு நிழலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு பெண் கைக்குழந்தையோடு இருந்தாள். சொல்லாமலே தெரிந்தது, பெபிஷா. வெக்கை தாங்காமல் குழந்தை வீறிட்டது. ரீத்தாவின் இரண்டு கையும் மடியில் கிடந்து துடித்தன. எழுந்திருக்கத்தான் இல்லை.

லேப்டாப் பையோடு அவனைப் பார்த்ததும் பெபிஷா எழுந்து வந்து வழிமறித்தாள். முகம் அழுது வீங்கியிருந்தது.

“அண்ணா, நீங்கதானே மடல் ஆபீஸ்? அப்பா வேண்டாம்னு எழுதியிருந்தா நான் இப்பவே போயிருதேன். ஆனா அத நீங்க எனட்ட சொல்லிருங்க. அம்ம வாயால சொல்ல வைக்காதீங்க. அது தாங்காது.”

குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு எபிசனின் சட்டைப் பையிலிருந்த பேனாவைப் பார்த்தது. எபிசன் வாயைத் திறந்தான். பஸ்ஸில் சொல்லிப் பார்த்த இரண்டு வாக்கியமும் தொண்டை வரைக்கும் வந்தன.

“கிடைச்சிட்டு” என்றான்.

வாசல்படியிலிருந்து ரீத்தா எழுந்தாள். “என்ன மக்கா? கிடைச்சிட்டா? என்ன போட்டிருக்காரு?”

“ரெண்டு நிமிசம் அக்கா. உங்க போனுக்கே வந்திரும். நீங்களே வாசிச்சுக்கிடலாம்.”

காம்பவுண்டு ஓரத்தில் போய் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தான். செத்தவரின் மடலை எடுத்து, அவர் அடித்த இடத்தில் தான் அடித்தான். நிரலைத் திருத்திய பிறகு அதன் வழியாகப் போன முதல் தமிழ் மடல் அதுதான். இந்தத் தடவை ஒரு எழுத்தும் உடையவில்லை. கொம்பும் காலும் புள்ளியும் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன.

ரீத்தாவின் போனில் சத்தம் வந்தது. அவள் அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, விரலை ஓட்டி, செபப்புத்தகம் வாசிப்பதுபோல எழுத்துக் கூட்டினாள். “பெ… பி… ஷா… வ… ர… ட்டும்.” வாசித்து முடித்த பிறகும் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. தார்ப்பாய் கட்டுகிறவர்கள்கூடக் கயிற்றைப் பிடித்தபடி நின்றார்கள்.

பிறகு நிமிர்ந்து, “ஏட்டி, உள்ள வா” என்றாள். “பிள்ளைக்கு வெயிலு அடிக்கி.”

பெபிஷா ஓடி வந்து வாசல்படியில் விழுந்து, “அப்பா… என்னப் பெத்த அப்பா…” என்று போட்ட சத்தத்தில் அக்கம்பக்கத்துப் பெண்களெல்லாம் கூடிவிட்டார்கள். ரீத்தா பேரனை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். எபிசன் சத்தமில்லாமல் லேப்டாப்பைப் பையில் வைத்துக்கொண்டு நடந்தான். செய்தது பாவமா புண்ணியமா என்று அவனுக்குத் தெரியவில்லை. குழந்தை நிழலுக்குப் போயிற்று, அதுவரைக்கும் சரி என்று தன்னையே தேற்றிக்கொண்டான்.

பஸ் நிற்கும் இடத்துக்கு வந்தபோது பின்னால், “மக்கா, நில்லு” என்று குரல் கேட்டது. ரீத்தா மூச்சிரைக்க வந்துகொண்டிருந்தாள். தோளில் பேரன் தூங்கியிருந்தான்.

“ஒரு கட்டங்காப்பி கூடக் குடிக்காம வந்துட்ட.”

“இருக்கட்டும் அக்கா.”

அவள் பேரனை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

“அவரு அவள ஒருநாளும் பேரு சொல்லி விளிச்சதில்ல” என்றாள். “பிறந்த அன்னைலேருந்து மோளேன்னுதான். கோவத்துலகூட ‘உனக்க மோளு’ன்னுதான் சொன்னாரு. பெபிஷான்னு பேரு வச்சது நான். அவருக்கு அந்தப் பேர எழுதக்கூடத் தெரியாது மக்கா.”

“அக்கா… நெசமான எழுத்து போயிட்டு. என் தப்பு அக்கா. நான் ஒரு வரி எழுதாம விட்டுட்டேன். அதான்… மன்னிச்சிருங்க.” அதற்குமேல் முடியாமல், பட்டப்பகலில், பஸ் ஸ்டாப்பில், பச்சைப்பிள்ளைபோல அழுதான்.

“ஒண்ணும் மிஞ்சலியா? ஒரு எழுத்துகூட?”

“இல்ல அக்கா.”

ரீத்தா தலையை ஆட்டினாள். திட்டவில்லை. முந்தானையால் பேரனின் கழுத்து வியர்வையை ஒற்றினாள்.

“அவளுக்குத் தெரிய வேண்டாம். அவ அப்பா வரச் சொன்னாருன்னு நம்பிட்டா, அப்படியே இருந்துட்டுப் போட்டும். சத்தியத்த மீறினது நான்தான். வாசிச்சப்பவே எனக்குத் தெரியும், தெரிஞ்சுதான் உள்ள விளிச்சேன். அந்தப் பாவம் எனக்கு இருக்கட்டும், நீ அதுல பங்கு எடுக்காத.”

தூரத்தில் பஸ் வருவது தெரிந்தது. அவள் ஒரு கையால் பேரனைப் பிடித்துக்கொண்டு மறு கையை நீட்டி பஸ்ஸை நிறுத்தச் சொன்னாள்.

“என்ன எழுதினீரு மனுசான்னு, அங்க போயி அவருட்டயே கேட்டுக்கிடுதேன். நீ ஏறு மக்கா. இத விட்டா அடுத்த பஸ்ஸுக்கு ஒரு மணிக்கூறு ஆவும்.”